நடுவட்டச் சிறைக்கோட்டம்

சிறைச்சாலை ஒன்று மூடப்பெற்ற வரலாற்றைத் தமிழிலக்கியத்தில் முதன்முதல் விரித்துரைக்கும் நூல் மணிமேகலை எனலாம். காயசண்டிகை வடிவம் பூண்ட மணிமேகலை, புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்துட் புகுந்து, பசியால் வாடினோர்க்கு அமுதசுரபியினின்று உணவு வழங்குகின்றாள். பின்னர்ச் சோழ வேந்தனிடம் வேண்டி அக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குவிக்கின்றாள். நூலின் 19-ஆம் காதை இச்செய்தியையே தன் பெயராகக் கொண்டுள்ளது. அவளே சில காதைகளின் பின் அரசன் காவலில் வைக்கப்பெறுதலும், 23-ஆம் காதை 'சிறைவிடு காதை' எனப் பெயர் பெறுதலும் சாத்தனார் கதைப்போக்கின் நயங்களுள் ஒன்று. இதற்கு இணையான மற்றொரு செய்தி சிலப்பதிகாரத்தில் உண்டு. செங்குட்டுவன் தான் வென்ற கனகவிசயரின் முடிமேல் கல்லேற்றிக் கொணர்ந்தான்; கண்ணகிக்குக் கல் நிறுத்தும் காலத்தே அவர்களைச் சிறையினின்றும் விடுவித்தான். சிறைப்பட்டோரை வேலைகொள்ளுதல், வேலை முடிந்தபின் விடுதல் என்னும் இரண்டும் இங்கே அடுத்தடுத்து நிற்றல் நோக்கத்தக்கது. இவ்விரண்டும் 19-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டு மலையூர் ஒன்றில் மீண்டும் நிகழ்ந்தன. அவ்வூர்ச் சிறையின் வரலாற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீலகிரி மாவட்டத்தில், உதகமண்டலத்தினின்று கூடலூர்க்குச் செல்லும் பெருவழியில், பீடபூமியின் மேற்கு விளிம்பில் அமைந்த ஊர் நடுவட்டம். கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 6000 அடி உயரத்தில் உள்ளது. அங்கு நின்று நோக்கினால் கூடலூர்ப் பள்ளத்தாக்கும் வயநாட்டுக் காடுகளும் கீழே விரிந்து தோன்றும். ஊரிலுள்ள அரசுத் தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிப் பழைய சிறையின் கட்டடங்கள் நிற்கின்றன. தடித்த சுவரும் குறுகிய அறைகளும் உடைய இப்பகுதியைத் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தார் சுற்றுலாப் பயணிகட்குக் காட்டி வருகின்றனர். அபினிப் போரில் ஆங்கிலேயர் பிடித்த சீனப் போர்க்கைதிகள் 1856 முதல் 1860 வரை இங்கு அடைக்கப்பட்டிருந்தனர் என்பது அங்கு வழங்கும் கதை. செய்தித்தாள்களும் சுற்றுலா நூல்களும் இக்கதையையே திரும்பத் திரும்ப எழுதி வருகின்றன. இக்கதை எவ்வளவு பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

சிறையின் வரலாறு சிங்கோனா மரத்தின் வரலாற்றோடு பிணைந்தது. தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைச்சரிவுகளில் வளரும் இம்மரத்தின் பட்டை முறைக்காய்ச்சலைத் தணிக்கும். 1820-இல் பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு நாட்டு வேதியியலார் இருவர் அப்பட்டையினின்று கொய்னாவைப் பிரித்தெடுத்தனர். மலேரியாவால் படையினரையும் அலுவலரையும் இழந்துவந்த ஆங்கில அரசிற்கு அம்மருந்து பீரங்கியினும் இன்றியமையாததாயிற்று. எனவே கிளெமண்டு மார்க்கம் என்பார் தலைமையில் பெரு முதலிய நாடுகட்கு ஆள்கள் அனுப்பப்பெற்றனர். 1860-ஆம் ஆண்டின் இறுதியில் மார்க்கம் கொணர்ந்த செடிகளுட் பெரும்பாலான பட்டுப்போயின. ஈக்குவடாரில் இசுபுரூசு என்பாரும் கிராசு என்பாரும் திரட்டிய செம்பட்டைச் சிங்கோனாவே 1861-இல் உதகை வந்து சேர்ந்து வேரூன்றிற்று. உதகை அரசுப் பூங்காவை 1848 முதல் உருவாக்கி வந்த மக்கைவர் என்பாரிடம் இச்செடிகள் ஒப்படைக்கப்பெற்றன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் காடு திருத்தித் தோட்டங்கள் அமைக்கப்பெற்றன.

காடு திருத்துவதற்கு ஆள் வேண்டும். நீலகிரியின் தொல்குடிகளாகிய தோடர் எருமை மேய்ப்பவர், கோத்தர் கைவினைஞர், குறும்பர் காடுசார்ந்து வாழ்பவர். படகர் தம் நிலத்தைத் தாமே உழுவோர். இவர்களுள் எவரும் அரசுத் தோட்டத்திற்கு ஆண்டு முழுதும் கூலிக்கு வரும் நிலையில் இல்லை. மைசூர்ச் சீமையினின்றும் கோயம்புத்தூர்ச் சமவெளியினின்றும் வந்த கூலிகளோ மலைக்குளிரையும் அடைமழையையும் அஞ்சி ஊர் திரும்பினர். தனியார் காப்பித் தோட்டங்களும் அதே காலத்தில் பெருகிக் கூலிகளை ஈர்த்துக்கொண்டன. இந்நிலை நீலகிரிக்கு மட்டும் உரியதன்று. எம் நாஞ்சில் நாட்டில், பூதப்பாண்டிக்கு மேல் எழும் அசம்பு மலையிலும் 1860-க்களில் ஐரோப்பியர் காப்பித் தோட்டங்கள் திறந்தனர். ஆள் திரட்டும் சிக்கல் அங்கும் இருந்தது. தனியார் துரைமார்க்கு முன்பணமும் கங்காணியும் துணை. முன்பணம் பெற்று வேலைக்கு வாராதாரைத் தண்டிக்க 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டமும் துணை. அரசு தானே தோட்டக்காரனாயின் அதன் கையில் மற்றொரு கருவியும் உண்டு. அது சிறை.

இங்ஙனம் தண்டனைக் கைதிகளைக்கொண்டு சிங்கோனாத் தோட்டம் எழுப்பும் வழக்கம் தோன்றிற்று. கைதிகளை நாடோறும் உதகைச் சிறையினின்று நடத்திச் செல்லுதல் இயலாதாகலின், தோட்டத்தின் அருகிலேயே அவர்களை இரவில் அடைத்து வைக்கும் இடம் வேண்டியதாயிற்று. நடுவட்டச் சிறையின் தோற்றம் இதுவே. வேலூர், சேலம், கோயம்புத்தூர் முதலிய நகரங்களின் சிறைகள் நீதிமன்றத்தையும் கோட்டையையும் ஒட்டி எழுந்தவை. இதுவோ ஒரு மரத்தின்பொருட்டு எழுந்த சிறை.

இனிச் சீனர் இங்கு வந்த வழியைக் காண்போம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் 1867 ஏப்பிரல் முதல் நாள்வரை இந்திய அரசின் ஆட்சியில் இருந்தன. நீண்ட தண்டனை பெற்ற சீனக் குற்றவாளிகளைக் காத்துவைக்கப் போதிய இடம் அந்நாட்டுச் சிறைகளில் இல்லை. ஆகவே அவர்களுட் சிலர் கப்பலேற்றிச் சென்னை மாகாணச் சிறைகட்கு அனுப்பப்பெற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரிச் சிறைக்கு வந்தனர். பிரான்சிசு என்பார் தொகுத்து 1908-இல் வெளிவந்த நீலகிரி மாவட்ட விவரச் சுவடி இச்செய்தியைத் தருகின்றது.

தமிழ் ஆராய்ச்சியாளர் இவ்விடத்துச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். சீனர் இந்தப் பக்கம் வந்த கடல்வழியிலேயே தமிழர் அந்தப் பக்கம் சென்றிருந்தனர். 1801-ஆம் ஆண்டின் பாளையக்காரர் போர் முடிவில், எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பெற்று 1802-இல் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவரும், சின்ன மருதுவின் இளமகன் துரைசாமியும் அவர்களுள் இருந்தனர். பின்னும் பல்லாண்டுகள் சென்னை மாகாணத்துத் தண்டனைக் கைதிகள் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டு வந்தனர். சிங்கப்பூரின் செயின்ட் ஆன்றூசு தேவாலயம் இந்தியக் கைதிகளின் கைவேலை. தமிழ்க் கைதி சிங்கப்பூரில் சுண்ணாம்பு குழைக்க, சீனக் கைதி நீலகிரியில் குழி தோண்டினான். எந்நாட்டானையும் அவன் மொழி வழங்காத நாட்டிற்கு அனுப்பினால் ஓடமாட்டான் என்பது ஆட்சியாளர் கணக்கு.

அக்கணக்குப் பொய்த்தது. 1868 சூலை 28-ஆம் நாள், புயலும் மழையும் மிக்க இரவில், சீனர் பன்னிருவர் நீலகிரிச் சிறையை உடைத்து வெளியேறினர். ஆயுதந் தாங்கிய காவலர் குழுக்கள் மலை முழுதும் தேடப் புறப்பட்டன. இரண்டு வாரங்கழித்து அப்பன்னிருவரும் மலையாள மாவட்டத்தில் பிடிபட்டனர். காவலர்க்குரிய ஆயுதங்கள் சில அவர்களிடம் இருந்தன. தேடச் சென்ற காவலர் குழுக்களுள் ஒன்று திரும்பவும் இல்லை. செப்டம்பர் 15-ஆம் நாளில்தான், சிசுபாறை மலைவழியின் நடுவே வாலக்காட்டுக் காட்டில், காவலர் நால்வரின் உடல்கள் வரிசையாகக் கிடத்தப்பெற்று, துணித்த தலைகள் தோள்மேல் வைக்கப்பெற்ற நிலையில் காணப்பெற்றன. முதலில் அடிபணிவார் போல நடித்துப் பின் திடீரெனப் பாய்ந்து, காவலர் ஆயுதத்தாலேயே காவலரைக் கொன்றனர் என விவரச் சுவடி முடிக்கின்றது.

இக்குறிப்பை ஆராய்ந்து நோக்குதல் வேண்டும். எழுதியவர் சீனரின் 'சூழ்ச்சி'யை வியந்து எழுதுகின்றார். ஒரு வேட்டைக் கதை கூறும் சுவையும் அவர் நடையில் உண்டு. ஓடியோர் பன்னிருவரும், இறந்தோர் நால்வரும் அங்கு எண்களாகவே நிற்கின்றனர். மாண்ட காவலர் இந்நாட்டவர். சிறு சம்பளத்திற்கு மழையிற் காடேறியவர். ஓடியோர் சென்ற திசையும் கருதத்தக்கது. சிசுபாறை வழி குந்தா மலைகளைக் கடந்து மேலைக் கடற்கரையை நோக்கி இறங்குவது. கடலைக் கண்டால் கப்பலைக் காணலாம் என்று எண்ணினர் போலும். கீழைக்கடல் வழியே வந்தவர்கள் மேலைக் கடலை நோக்கி ஓடினர் என்பதனால், தாம் இருக்கும் இடம் எது என்பதையே அவர்கள் அறியார் என்று கொள்ள இடமுண்டு. இது எம் ஊகமே.

இனி, முன்னர் விடுத்த வினாவிற்கு வருவோம். நடுவட்டத்தில் இருந்தோர் அபினிப் போர்க்கைதிகளா? அல்லர் என்பதே எம் துணிபு. இரண்டாம் அபினிப் போர் நிகழ்ந்த ஆண்டுகள் 1856 முதல் 1860 வரை. கதையில் வரும் ஆண்டுகளும் அவையே. போரின் ஆண்டுகளையே சிறையின் ஆண்டுகளாக எவரோ ஏற்றியுரைத்தனர் என்று தோன்றுகின்றது. சிங்கோனாச் செடி நீலகிரி மண்ணில் வேரூன்றிய ஆண்டு 1861 என முன்னர்க் கண்டோம். செடி வாராமுன் தோட்டம் இல்லை. தோட்டம் இல்லாமுன் தோட்டச் சிறை இல்லை. 1856-இல் அடர்ந்த சோலையாகவும் புல்வெளியாகவும் கிடந்த நடுவட்டத்திற்குச் சீனப் படைஞரைக் கான்றனினின்று கொணர்ந்து அடைத்தற்குக் காரணமே இல்லை. மற்று, விவரச் சுவடி அவர்களைத் தண்டனைக் கைதிகள் என்றே கூறுகின்றது. அவர் வந்த இடம் மலாய்த் தீபகற்பத்துக் குடியேற்றங்கள் என்றும் தெளிவாக உரைக்கின்றது. பன்னிருவர் தப்பிய சிறை நீலகிரிச் சிறை. அதனையும் நடுவட்டத்தின் மேலேற்றிக் கூறுவாருளர். இரு சிறைகளையும் வேறுபடுத்தி நோக்கினாலன்றி வரலாறு தெளியாது.

போர்க்கைதி என்னும் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது? திருட்டிற்கும் கொள்ளைக்கும் தண்டம் பெற்றவன் என்பதினும் போரில் தோற்றவன் என்பது கேட்போர்க்கு மதிப்புடையதாகத் தோன்றுகின்றது. எம்மூர்ப் பக்கத்தும் இத்தகைய வழக்கு ஒன்று உண்டு. புறநானூற்றில் 71-ஆம் பாட்டைப் பாடிய ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனைப் பூதப்பாண்டி என்னும் ஊர்ப்பெயரோடு இயைத்து, அவ்வூர் அவன் ஊரே எனப் பெருமை பேசுவாருளர். ஒல்லையூரோ புதுக்கோட்டைப் பக்கத்து ஒலியமங்கலம் என்பர் ஆராய்ச்சியாளர். பெயர் ஒத்தலாலோ ஆண்டு ஒத்தலாலோ வரலாறு ஆகிவிடாது. ஆயினும் பூதப்பாண்டியன் கதையால் எவர்க்கும் இழுக்கில்லை. நடுவட்டத்துக் கதையோ அங்ஙனமன்று. அவர்களைப் போர்க்கைதிகள் ஆக்கினால், குடிமக்களாகிய கைதிகளைக் கடல் கடத்திக் கூலியின்றித் தோட்டம் எழுப்பிய ஆட்சிமுறை நம் கண்ணினின்று மறைந்துவிடும். போர் என்றால் முடிந்துபோன ஒரு நிகழ்ச்சி. தண்டனைக் கைதியின் உழைப்போ அரசின் ஆண்டுக் கணக்கில் வரவாக நின்ற ஒன்று.

சிறை ஒடுங்கிய வகையும் இதனோடு இயைந்ததே. நடுவட்டச் சிறை மக்கள் கிளர்ச்சியாலோ சீர்திருத்தக் குழுவின் பரிந்துரையாலோ மூடப்பெற்றதன்று. காடு திருத்தும் கடுவேலை முடிந்து மரங்கள் வளர்ந்தபின் தோட்டத்திற்கு வேண்டியது குழிதோண்டும் வலிமையன்று, பட்டை உரிக்கும் பழக்கம். மக்கைவர் கண்ட முறைப்படி, மரத்தின் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி, புதுப்பட்டை வளரவிட வேண்டும். தவறி உள்மரத்தைத் தொட்டால் மரம் கெடும். இத்தகைய வேலைக்கு விலங்கிட்ட கையினும் கூலிபெறும் கை ஏற்றது. 1867-இல் மலாய்க் குடியேற்றங்கள் இந்திய அரசினின்று பிரிந்து இலண்டன் குடியேற்ற அலுவலகத்தின்கீழ்ச் சென்றமையும் கருதத்தக்கது. சென்னைக்குக் கைதிகளை அனுப்பும் எளிய வழி அதனோடு அற்றது எனக் கொள்ளலாம். சமவெளியினின்று கூலிகளும் மிகுதியாக மலையேறத் தொடங்கினர். 1876-78-ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் எண்ணற்றோரை வேலை தேடி ஊர்விட்டுப் பெயரச் செய்தது. பசி ஆள் திரட்டியபின் சிறை வேண்டாததாயிற்று. மணிமேகலையில் பசி தீர்த்தபின் சிறை மூடப்பெற்றது. இங்கோ முறை மாறி நிற்கின்றது.

விடுதலை பெற்ற சீனருட் சிலர் ஊர் திரும்பவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்சுடன், நடுவட்டத்திற்கும் கூடலூர்க்கும் இடையே மலைச்சரிவில் அவர்கள் குடியிருப்பைக் கண்டு எழுதியுள்ளார். 1909-இல் வெளிவந்த அவருடைய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதி நூலில் அச்செய்தி இடம்பெற்றுள்ளது. அச்சீனர் ஒடுக்கப்பட்ட குலத்துத் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டும், சிறு அளவில் காப்பி வளர்த்தும், பசுக்களை வைத்துப் பயன்கொண்டும் நேர்மையாக வாழ்ந்தனர். ஒரு குடும்பத்துத் தந்தை கிறித்தவராகியபோது தம் தலைப்பின்னலை அறுத்துக்கொள்ள நேர்ந்ததையே தமக்குள்ள ஒரே குறையாகக் கூறினாராம். சிறையைப் பற்றியோ தண்டனையைப் பற்றியோ அவர் முறையிட்டதாக நூலில் இல்லை.

தர்சுடன் அவர்கள் பிள்ளைகளின் தலையையும் மூக்கையும் அளவுகோல் கொண்டு அளந்தார். தோலின் நிறத்தையும் கண்ணின் சாய்வையும் குறித்தார். இனக்கலப்பின் விளைவு யாது என்பதே அவர் வினா. அவ்வினாவும் அவ்வளவையும் இன்று அறிவியலில் மதிப்பிழந்தன. எமக்குத் தோன்றும் வினா வேறு. அவ்வீடுகளில் எம்மொழி வழங்கிற்று? தாய் தமிழ் பேசுபவள், சந்தையும் தமிழே, தந்தையோ தென்சீன வழக்கொன்றைப் பேசியிருத்தல் கூடும். பிள்ளைகள் தமிழராகவே வளர்ந்திருத்தல் வேண்டும். மொழியாராய்ச்சியாளர் ஒருவர் அன்று அவ்வழியே சென்றிருப்பின் மூக்களவினும் பயனுடைய குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கும். கைதிகளாகக் கொணரப்பெற்றோர்க்கு வீடு தந்தவர்கள் சமுதாயம் விலக்கி வைத்த பெண்கள் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. உயர்குலம் எனப்பட்டவற்றின் வாயில்கள் அவர்கட்குத் திறந்திரா.

சிங்கோனாவின் பெருவாழ்வும் நீண்டநாள் நிற்கவில்லை. நடுவட்டத்தில் கொய்னாத் தொழிற்சாலை எழுந்தது. 'கொய்னா மாத்திரை' என்னும் தொடர் தமிழ்ப் பேச்சில் வேரூன்றிற்று. ஆனால் டச்சுக்காரர் சாவாத் தீவில் வளர்த்த வேறோர் இனம் மிகுதியான கொய்னாவைத் தந்து உலகச் சந்தையைக் கைக்கொண்டது. அவ்வினத்தின் விதையைப் பொலிவியாவின் காடுகளில் திரட்டிக் கொடுத்தவர் மானுவேல் இங்கிரா மமானி என்னும் அந்நாட்டுத் தொல்குடி மகன். நாட்டுச் சொத்தை அயலார்க்கு விற்றதாக அவர் சிறையிலிடப்பெற்று, அடியுண்டு, விடுதலையான சின்னாளில் இறந்தார். கொய்னாவின் வரலாற்றில் சிறை இங்ஙனம் இருமுறை வருகின்றது. ஒருமுறை விதை எடுத்தவனுக்கு, ஒருமுறை செடி நட்டவனுக்கு. இரண்டாம் உலகப்போரில் 1942-இல் சாவா சப்பானியர் கைப்பட, நீலகிரிச் சிங்கோனாவிற்குச் சிறிது காலம் மீண்டும் மதிப்பேறிற்று. போரின்பின் செயற்கை மருந்துகள் பரவ, அதுவும் தளர்ந்தது.

அதன்பின் மலைச்சரிவைத் தேயிலை கொண்டது. 1964 அக்டோபர் 30-இல் இந்திய இலங்கைத் தலைமையமைச்சர்கள் செய்த உடன்பாட்டின்படி, இலங்கை மலையகத்துத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள இசைந்தது. அங்ஙனம் திரும்பியோர்க்கு வேலை தரும்பொருட்டு நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுப்பப்பெற்றன. 1976 முதல் அவை தனிக் கழகமாக இயங்கி வருகின்றன. இவர்தம் முன்னோர் கங்காணியின் முன்பணத்தை நம்பிக் கடல் கடந்தவர்கள். இவர்களோ தாம் பிறந்த நாட்டில் குடியுரிமை மறுக்கப்பெற்று வந்தவர்கள். பழைய சிங்கோனா நிலத்தில் நடுவட்டத்துத் தேயிலை வளர்கின்றது. சிறையின் அறைகள் தொழிற்சாலை வளாகத்திற்குள் நிற்கின்றன. அவற்றின் வாயிலில் எழுதி வைக்கப்பெறும் குறிப்பில் போர்க்கைதிகள் என்னும் சொல்லை நீக்கி, மலாய்க் குடியேற்றங்களினின்று கொணரப்பெற்ற சீனத் தண்டனைக் கைதிகள் எனத் திருத்துதலும், 1856 என்னும் ஆண்டை விலக்குதலும் செய்யத்தக்கன.